ஷேம்லெஸ்: ஒரு மூத்த மகள் பார்த்தது

"அக்கா, இந்த ஃபிராங்க் இருக்கானே, சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிக்குது. நீ கட்டாயம் பாரு" என்று தம்பி போனில் சொன்னான். அவன் சொன்னதால்தான் இந்தத் தொடரைத் தொடங்கினேன். முதல் எபிசோடு முடிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, விளக்கைப் போடாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இரண்டாவது எபிசோடைப் போட்டேன். மொத்தம் பதினொரு சீசன், 134 எபிசோடு. வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, காதில் ஹெட்போனோடு, ஏழு மாதத்தில் பார்த்து முடித்தேன்.

ஷேம்லெஸ் என்ற பெயரில் இரண்டு தொடர்கள் இருக்கின்றன. முதலாவது பிரிட்டனில் வந்தது. பால் அபாட் உருவாக்கியது, சேனல் 4-ல் 2004 முதல் 2013 வரை ஓடியது, கதை மான்செஸ்டரில் நடக்கும். அதை அமெரிக்காவுக்கு ஏற்ப ஜான் வெல்ஸ் மாற்றி எடுத்ததுதான் நான் பார்த்தது. ஷோடைம் சேனலில் 2011 ஜனவரியில் தொடங்கி 2021 ஏப்ரலில் முடிந்தது. கதை சிகாகோவின் தெற்குப் பகுதிக்கு வந்துவிட்டது. கேலகர் என்றொரு குடும்பம். அப்பா ஃபிராங்க் முழுநேரக் குடிகாரர். அம்மா மோனிகா எப்போதோ வீட்டை விட்டுப் போய்விட்டவர். ஆறு பிள்ளைகள். மூத்தவள் ஃபியோனா, அடுத்து லிப், இயன், டெபி, கார்ல், கடைசியாக இன்னும் நடை பழகாத லியாம். இந்த ஐந்து பேரையும் வளர்ப்பது ஃபியோனாதான்.

வயது வந்தோருக்கான தொடர் இது. அதில் சந்தேகமே வேண்டாம். நிர்வாணம் உண்டு, படுக்கையறைக் காட்சிகள் நிறைய உண்டு, போதைப்பொருள் உண்டு, ஒவ்வொரு இரண்டாவது வாக்கியத்திலும் கெட்ட வார்த்தை உண்டு. ஷோடைம் சந்தா கட்டிப் பார்க்கிற சேனல் என்பதால் அங்கே இதற்கெல்லாம் தடை இல்லை. பிள்ளைகள் இருக்கிற அறையில் போடாதீர்கள். பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கவும் முடியாது.

என் அலுவலகத் தோழி பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டாள். மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "ஏங்க, இதையெல்லாம் எப்படிங்க பார்க்கிறீங்க? டைட்டிலே பாத்ரூம்ல நடக்குது!" என்றாள். அவள் சொன்னது சரிதான். தொடக்கப் பாட்டு முழுவதும் ஒரே ஒரு கழிவறை. காமிரா ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் வருகிறார்கள், போகிறார்கள். பல் தேய்ப்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள், ஒருவர் இருக்கும்போதே உள்ளே நுழைபவர்கள். தோழிக்கு அது அருவருப்பாக இருந்தது. எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. ஏழு பேருக்கு ஒரு கழிவறை இருக்கிற வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் என்பது ஒரு ஆடம்பரம். மறைப்பதற்கு இடமே இல்லாத வீட்டில் வெட்கத்துக்கு எங்கே இடம்? தலைப்பின் பொருளை அந்தப் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் பார்வை அவளுக்கு, நான் வற்புறுத்தவில்லை.

இப்போது அந்த முதல் எபிசோடுக்கு வருகிறேன். காலை நேரம். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். சமையலறை மேசையைச் சுற்றி ஒரே கூச்சல். நடுவே ஒரு பெட்டி கைமாறுகிறது. கரண்ட் பில் கட்ட ஆளாளுக்குக் கையில் இருப்பதைப் போடுகிறார்கள். பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் தள்ளுகிறார்கள். யாரும் அழவில்லை, யாரும் பெரிதாக எதுவும் பேசவில்லை. உப்பு டப்பாவை நகர்த்துவது போல அந்தப் பெட்டி நகர்கிறது. அந்த நேரத்தில் வீட்டின் அப்பா தரையில் நினைவின்றிக் கிடக்கிறார். அவரைத் தாண்டித் தாண்டி நடக்கிறார்கள்.

நான் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்த காட்சி அது. நடிகர்கள் யாரும் அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை, கவனித்தீர்களா? கை மட்டும் போகிறது. பல மாதங்களாக அப்படிச் செய்து பழகிய கை. பிள்ளைகளாக நடித்த அத்தனை பேருக்கும் இதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்களுக்குப் பணமில்லாத வீடு தெரிந்திருக்கிறது.

நானும் மூத்தவள். எங்கள் அப்பாவும் குடித்தார். இதை இவ்வளவு நேராக எங்கும் எழுதியதில்லை. எழுதாமல் இந்தத் தொடரைப் பற்றிப் பேசினால் பொய்யாகிவிடும், அதனால் எழுதுகிறேன். கேட்டின் தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மெல்ல விழுந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று முறை தவறி, அப்புறம் விழுந்தால் தம்பியைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். வீட்டுச் செலவுக்கென்று நான் சேர்த்த பணம் என் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில், நாலாக மடித்து இருக்கும்.

ஃபியோனா வீட்டிலும் அப்படி ஒரு சேமிப்பு இருக்கிறது. அணில் கொட்டையைச் சேர்த்து வைப்பது போல, கோடையில் எல்லோரும் கிடைத்த வேலையைச் செய்து குளிர்காலத்துக்குச் சேர்க்கிற பணம். அதன் பெயரே அணில் நிதி. சிகாகோவின் குளிர்காலத்தில் ஹீட்டருக்குக் காசில்லை என்றால் என்ன ஆகும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டாவது சீசனில் திரும்பி வருகிற மோனிகாவும் ஃபிராங்கும் சேர்ந்து அந்தப் பணத்தை எடுத்து அழித்துவிடுகிறார்கள். காலியான அந்த இடத்தை ஃபியோனா பார்க்கிறாள். ஃபியோனாவாக நடிக்கிற எம்மி ரோசம் அங்கே கத்தவில்லை. முகத்தில் இருந்த ஏதோ ஒன்று மெல்ல வடிந்து போகிறது, அவ்வளவுதான். நான் அந்த எபிசோடை அன்று முடிக்கவில்லை.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் இந்தத் தொடரைப் பற்றிக் கேட்ட கருத்துகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவனுடையதுதான்.

அவனுக்கு இது ஃபிராங்கின் கதை. வில்லியம் எச். மேசி அந்த வேடத்தில் செய்திருப்பது அபாரம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அழுக்கு கோட்டு, எண்ணெய் படிந்த நீள முடி, எந்தத் திருட்டையும் தத்துவமாக்கிப் பேசுகிற வாய். இரண்டாவது எபிசோடில், ஃபியோனாவின் காதலன் ஸ்டீவ் அவரைக் கொண்டுபோய்க் கனடாவில் விட்டுவிடுகிறான். கண் விழித்தால் வேறு நாடு, கையில் பாஸ்போர்ட் இல்லை. ஜிஞ்சர் அத்தை செத்ததை வெளியில் சொல்லாமல், அவருடைய பென்ஷன் செக்குகளை வருடக்கணக்கில் வாங்கித் தின்றது அம்பலமாகும் நிலை வந்ததும், முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பாட்டியைக் கூட்டிவந்து அத்தையாக நடிக்க வைக்கிறார்கள். இதையெல்லாம் பார்க்கும்போது நானும் சிரித்தேன். மேசியின் குரலில் ஒரு பாதிரியாரின் கனிவு இருக்கிறது. அந்தக் குரலில் அவர் அயோக்கியத்தனம் பேசும்போது சிரிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் அதே ஃபிராங்க் இரண்டாவது சீசனில் செய்வதைப் பாருங்கள். இதய மாற்று அறுவைக்குக் காத்திருக்கிற ஒரு பெண்மணி. இதயம் கிடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறது. போனை எடுக்கிற ஃபிராங்க், அவள் இறந்துவிட்டாள் என்று சொல்லி வைத்துவிடுகிறார். அவளுடைய பென்ஷன் தனக்கு வரவேண்டும் என்பதற்காக. அதைச் செய்யும்போதும் அவர் முகம் நல்ல மனிதரின் முகமாகவே இருக்கிறது. மூன்றாவது சீசனில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட கோபத்தில், பேர் சொல்லாமல் குழந்தைகள் நலத்துறைக்கு போன் செய்து தன் பிள்ளைகளையே பிடித்துக்கொடுக்கிறார். பிள்ளைகள் வெவ்வேறு இடங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகிறார்கள்.

இதை எடுத்துச் சொன்னபோது தம்பி, "அட, அது காமெடிக்கா, நீ ரொம்ப சீரியஸா எடுத்துக்கிற" என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி, நாலாவது சீசன் பார்த்துக்கொண்டிருக்கும்போது புரிந்தது. ஃபிராங்கைப் பார்த்துச் சிரிக்க முடிகிறவர்கள், ஃபிராங்குக்கும் தங்களுக்கும் நடுவே யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்ததால் சிரிக்கிறார்கள். என் தம்பிக்கு அந்தத் தாழ்ப்பாள் சத்தம் தெரியாது. ரேடியோப் பாட்டுத்தான் தெரியும். அவனுக்கு அப்பா என்றால் சில நேரம் தள்ளாடிப் பாட்டுப் பாடிய, சில நேரம் பலகாரம் வாங்கி வந்த ஒரு வேடிக்கை மனிதர். அது பொய்யான ஞாபகம் இல்லை. அவன் பக்கத்திலிருந்து அது உண்மை.

இதற்குப் பிறகுதான் மூலத் தொடரை உருவாக்கிய பால் அபாட்டைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில், நிறையப் பிள்ளைகள் இருந்த வீட்டில் பிறந்தவர். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து அப்பாவும். அதன் பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது 17 வயது அக்கா, அதுவும் கர்ப்பமாக இருந்தவள். அப்படியானால் இந்தக் கதையை எழுதியது ஒரு தம்பி! ஃபிராங்க் இவ்வளவு வேடிக்கையாக இருப்பதும், ஃபியோனா எப்போதும் எதையாவது துடைத்துக்கொண்டோ தூக்கிக்கொண்டோ இருப்பதும் ஏன் என்று அப்போது விளங்கியது. தம்பியின் கண்ணில் அக்கா எப்படித் தெரிவாளோ அப்படித்தான் அவள் தெரிகிறாள். ஓயாமல் வேலை செய்கிறவளாக, கொஞ்சம் கோபக்காரியாக, எப்போதும் அங்கேயே இருப்பவளாக. தம்பிக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

நாலாவது சீசன் தான் இந்தத் தொடரின் உச்சம். சிலர் முதல் சீசன் என்பார்கள், சிலர் மூன்று என்பார்கள். எனக்கு நாலுதான். அதுவரை பார்வையாளர்கள் ஃபியோனாவைக் கோயில் சிலை போலப் பார்த்துக்கொண்டிருப்போம். வீட்டில் நடக்கிற ஒரு பார்ட்டியில் மேசைமேல் விடப்பட்ட கொகெயினைக் குழந்தை லியாம் வாயில் போட்டுவிடுகிறான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். குழந்தை பிழைக்கிறான். ஃபியோனா கைதாகிறாள். லிப் அவளைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியாது. ஃபிராங்க் ஆயிரம் தப்பு செய்தபோது யாரும் அந்தப் பார்வை பார்க்கவில்லை. அக்கா செய்த ஒரு தப்பு ஒருபோதும் மன்னிக்கப்படுவதில்லை, ஏனென்றால் அவள் மேல்தான் எல்லோரும் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். காலில் கண்காணிப்புப் பட்டையோடு அவள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிற எபிசோடுகளில் எம்மி ரோசமின் நடிப்பை எந்த நடிப்புப் பள்ளியிலும் பாடமாக வைக்கலாம்.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லியாக வேண்டும். 2014-ல் விருதுகளுக்காக இந்தத் தொடரை நாடகப் பிரிவிலிருந்து நகைச்சுவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு மேசி, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பல முறை பரிந்துரைக்கப்பட்டார். அதே பகுதியில் வசிக்கிற ஷீலாவாக நடித்த ஜோன் கியூசாக் 2015-ல் சிறப்புத் தோற்றத்துக்கான விருதையே வாங்கினார். வெளியே காலெடுத்து வைக்கவே பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெண்ணாக அவர் செய்தது அந்த விருதுக்குத் தகும். ஆனால் ஒன்பது வருடம் தொடரைத் தோளில் சுமந்த ரோசமின் பெயர் பரிந்துரைப் பட்டியலில் ஒரு முறைகூட வரவில்லை. எட்டாவது சீசனுக்கு முன்பு, 2016-ல், மேசிக்கு நிகரான சம்பளம் வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றது செய்தியானது. மேசியும் அவர் பக்கம் பேசினார். வீட்டுக் கதையில் நடந்ததே படப்பிடிப்புத் தளத்திலும் நடந்ததை நினைத்தால் மனசு கனக்கிறது.

எல்லோருக்கும் ஃபியோனா தான் முக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "மேடம், நான் இயன், மிக்கி வர்ற சீன்களை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்" என்றாள். இயனாக கேமரன் மோனஹன், மிக்கியாக நோயல் ஃபிஷர். இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதலைத் திரையில் நான் இவ்வளவு நெருக்கமாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. முதலில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. மிக்கி ஒரு ரவுடி. அவன் அப்பா டெர்ரி, மகன் இப்படிப்பட்டவன் என்று தெரிந்தால் கொன்றே போடுவார். கொல்லத்தான் பார்க்கிறார். அதே மிக்கி, நாலாவது சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோடில், தன் குழந்தையின் ஞானஸ்நான விருந்தில், அலிபை பாரில் ஊரே கூடியிருக்க, அப்பாவுக்கு முன்னால் தன்னைப் பற்றி உரக்கச் சொல்கிறான். சொல்லி முடிக்கும்போதே அடிதடி தொடங்கிவிடுகிறது. மூக்கில் ரத்தம் வழிய, இருவரும் வெளியே பனியில் நிற்கிறபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இந்தப் பையன்கள் ஒருவரையொருவர் விட்டுவிடக் கூடாது. அந்தத் தயக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. பத்தாவது சீசன் முடிவில் அவர்கள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

எச்சரிக்கையாக ஒன்று சொல்கிறேன். மனநோய், தற்கொலை முயற்சி பற்றிய காட்சிகள் உங்களைக் கலங்கடிக்கும் என்றால் இரண்டாவது சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோடை யாராவது பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். நன்றியளித்தல் நாள் விருந்து, அமெரிக்கர்களுக்குக் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். மேசையில் எல்லோரும் இருக்கிறார்கள். மோனிகா சமையலறையில் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறாள். க்ளோயி வெப் அந்த மோனிகாவாக நடித்திருக்கிறார். அவளை வெறுக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. அவளுடைய இருதுருவ மனநோய் பிறகு இயனுக்கு வருகிறது. தூங்காமல் இரவெல்லாம் ஏதோ திட்டம் தீட்டுகிறவனாக, அப்புறம் நாள் கணக்கில் கட்டிலை விட்டு எழாதவனாக அவன் மாறுவதை அவசரப்படாமல் காட்டுகிறார்கள். அண்ணன், தம்பி, அக்கா மூவரும் வாசலில் நின்று பார்க்கிறார்கள். அம்மாவை இப்படிப் பார்த்தவர்கள் என்பதால் ஒரு பார்வையிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வசனமே தேவைப்படவில்லை.

லிப் விஷயத்திலும் அப்படித்தான். வீட்டிலேயே கெட்டிக்காரன் அவன். கல்லூரிக்குப் போகிறான். ஜெரமி ஆலன் வைட் இப்போது தி பேர் தொடரால் உலகமெங்கும் தெரிந்த முகம், ஆனால் எனக்கு அவர் என்றைக்கும் லிப்தான். அப்பாவைப் போல ஆகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வளர்ந்தவன், எந்த நாளில் என்று சொல்ல முடியாதபடி குடிக்கு அடிமையாகிறான். அவனைச் சிகிச்சைக்கு அனுப்ப உதவுகிற பேராசிரியர் யூவன்ஸ், தானே குடியிலிருந்து மீள முடியாதவர். சிறையில் குடி திடீரென நின்றுபோனதில் வருகிற நடுக்கத்திலும் பிதற்றலிலும் இறந்துபோகிறார். இதைப் பலர் தெரிந்துகொள்ள வேண்டும். பல வருடம் கடுமையாகக் குடித்தவர், மருத்துவ உதவி இல்லாமல் ஒரே நாளில் நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டுப் பெண்கள் "இன்றோடு நிறுத்து" என்று அறைக்குள் வைத்துப் பூட்டுகிற கதைகளை நான் கேட்டிருக்கிறேன். ஒரு நகைச்சுவைத் தொடர் இதைச் சரியாகக் காட்டியது என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை.

அப்புறம், ஆறாவது சீசனுக்குப் பிறகு தொடர் சரிய ஆரம்பிக்கிறது. இதை மூடி மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. முதல் சீசனில் வீட்டின் மனசாட்சியாக இருந்த சின்னப் பெண் டெபி, எழுதுகிறவர்கள் கையில் படாத பாடு பட்டு, யார் என்றே தெரியாத ஒருத்தியாகிவிட்டாள். ஃபிராங்குக்கு ஒவ்வொரு சீசனிலும் ஒரு புதிய மோசடி. ஆட்களைக் கனடா எல்லைக்குக் கடத்துவதுகூட உண்டு. சிரிப்பு குறைந்து சத்தம் அதிகமாகிறது. ஃபியோனாவுக்கு வருகிற காதலர்கள் எல்லோரும் ஒரே அச்சு. பக்கத்து வீட்டு கேவ், வெரோனிகா ஜோடி மட்டும் கடைசிவரை களையிழக்கவில்லை. ஸ்டீவ் ஹோவியும் ஷனோலா ஹாம்ப்டனும் திரையில் வந்தால் போதும், கேலகர் வீட்டுக்குப் பக்கத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்ற நிம்மதி வந்துவிடும்.

ஒன்பதாவது சீசனில் ஃபியோனா கையிலிருந்த எல்லாவற்றையும் இழக்கிறாள். அவளும் குடிக்கிறாள். அப்பா விழுந்து கிடந்த அதே வீட்டில் அவளும் விழுகிறாள். இந்தப் பகுதியைப் பல பேர் திட்டினார்கள், அவளை அசிங்கப்படுத்திவிட்டார்கள் என்று. நான் அப்படி நினைக்கவில்லை. இருபது வருடம் தன்னைப் பற்றி நினைக்காமல் ஓடியவள், ஓட வேண்டிய அவசியம் தீர்ந்ததும் விழுவாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அவளுக்கு வேலை இல்லை. தம்பி வேலைக்குப் போன வருடம் எனக்குக் காரணமே இல்லாமல் உடம்பு படுத்தியதை நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் குடியை விட ஒரு குழுவுக்குப் போகிறாள். முதலீடு ஒன்றிலிருந்து ஒரு லட்சம் டாலர் கைக்கு வருகிறது. அதில் பாதியை, 50,000 டாலரை, வீட்டுக்கு விட்டுவிட்டு விமானம் ஏறுகிறாள். முழுவதையும் கொடுத்திருந்தால் நான் அந்தக் காட்சியை நம்பியிருக்க மாட்டேன். பாதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள் பாருங்கள், அங்கேதான் நான் அழுதேன்.

அவள் போன பிறகு வருகிற இரண்டு சீசன்களைப் பார்க்கலாமா என்று கேட்டால், இயன், மிக்கிக்காகவும் கடைசி எபிசோடுக்காகவும் பார்க்கலாம் என்பேன். மற்றபடி வீடு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், மேசையில் பெட்டி இல்லை. கடைசி சீசனில் ஃபிராங்குக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிக்கிறது. குடியால் வந்த மறதி. அவரைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரே பிள்ளை லியாம்தான், அன்று கொகெயினை வாயில் போட்ட குழந்தை. 2021-ல் எடுத்த எபிசோடு என்பதால் கொரோனாவும் கதைக்குள் வந்துவிட்டது. ஃபிராங்க் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். முன்னால் வந்து நிற்கிற இளம்பெண்ணைப் பார்த்து ஃபியோனா என்று நினைத்துக்கொள்கிறார். மற்ற பிள்ளைகளின் பெயர் அந்த நேரத்தில் அவருக்கு வரவில்லை. எங்கள் அப்பாவின் கடைசி வாரத்தில் நானும் ஒரு நர்ஸும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றிருந்தோம். அவர் அந்த நர்ஸைப் பார்த்து என் பெயரைச் சொன்னார். நான் திருத்தவில்லை. அந்தப் பெண்ணும் "ஆமாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து விட்டாள்.

பார்க்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: முதல் ஐந்து சீசனை ஒன்று விடாமல் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரை வேகமாக ஓட்டலாம், லிப் வருகிற பகுதிகளை மட்டும் ஓட்டாதீர்கள். ஒன்பதின் கடைசி எபிசோடு கட்டாயம். எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடின பிறகும் கொஞ்சம் பொறுங்கள், பல தடவை அதற்குப் பின்னால் ஒரு குட்டிக் காட்சி இருக்கும். முன்கதைச் சுருக்கத்தையும் தள்ளிவிடாதீர்கள். போன வாரம் ஏன் பார்க்கவில்லை என்று கதாபாத்திரங்களே நம்மைத் திட்டுவார்கள். குடிகார வீட்டில் வளர்ந்தவர் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் பார்க்க வேண்டாம்.

போன வாரம் தம்பி கூப்பிட்டான். அவன் மனைவியோடு சேர்ந்து மறுபடி முதலிலிருந்து பார்க்கப் போகிறானாம். "அக்கா, நீ அந்த கரண்ட் பில் பெட்டின்னு ஒரு சீன் சொன்னியே, அது எந்த எபிசோடு?" என்றான்.

"முதல் எபிசோடுதான்டா."

"அப்படியா? எனக்கு அது ஞாபகமே இல்லையே."

"ஃபிராங்க் தரையில படுத்திருப்பார். அதே ரூம்தான். அவருக்கு மேலே மேசையைப் பாரு" என்றேன்.